சனிக்கிழமை ஊழியத்துக்கு வர்றவங்க கவனத்துக்கு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு சர்ச் கேட் முன்னாடி வந்துருங்க, தெருவுல குடுக்கப் போற கைப்பிரதி (இயேசுவப் பத்தின துண்டுத்தாள்) பண்டல் என்கிட்ட இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். போன வாரம் எங்க தெரு பால்காரர்கிட்ட ஒரு பிரதி நீட்டுனேன், அவரு வாங்கி கேன் மூடி மேல வச்சுட்டு "சரிண்ணே, ரெண்டு மாச பாக்கி எப்ப தருவீங்க"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு மூஞ்சியே போச்சு. அன்னைக்கு ராத்திரியே கொண்டு போய் குடுத்துட்டேன், சாரியும் சொன்னேன்.

அப்புறம் தான் பைபிள்ல லூக்கா 19 எடுத்தேன். எரிகோ ஊர்ல வரி வசூல் பண்றவங்களுக்குத் தலைவனா இருந்த பணக்காரர் சகேயு, அவரு வீட்டுல தங்கணும்னு தான் இயேசு சொன்னாரு, அநியாயமா வாங்கினத திருப்பிக் குடுன்னு சொல்லவே இல்ல. தானா தப்ப ஒத்துக்கிட்டா முதலோட ஐந்துல ஒரு பங்கு சேத்துக் குடுத்தா போதும்னு பழைய ஏற்பாட்டுல எண்ணாகமம் 5:7ல இருக்கு, சகேயு நாலு மடங்கு தரேன்னுட்டாரு, பாதி சொத்து ஏழைங்களுக்கு வேற. எரிகோ ஜனங்களுக்கு அதுக்கு மேல என்ன பிரசங்கம் வேணும் சொல்லுங்க! நாம என்னடான்னா ஜெபத்துல அழுதுட்டு மனந்திரும்பியாச்சுன்னு எந்திரிச்சு வந்துர்றோம் (என்னையும் சேத்துத்தான்).

அதனால யாருக்காவது பாக்கி, யாரோடவாவது பேச்சுவார்த்த இல்லன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு போன் போட்டுருங்க.

பிரதிய வண்டி சீட்ல சொருகாதீங்க, கைல குடுங்க, வேணாம்னா சிரிச்சுட்டு வந்துருங்க, வாக்குவாதம் கூடவே கூடாது. தண்ணி பாட்டில் அவங்கவங்க எடுத்துட்டு வாங்க. வர்றவங்க பேரு மட்டும் கீழ போடுங்க, ஆமென் ஸ்டிக்கர் வேணாம் ப்ளீஸ் 😄