அறிவியல் வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பேரவையில் முடிவானபடி இந்த ஆண்டுக் கூட்டங்களையெல்லாம் கிளேர் பேட்டர்சன் என்ற ஒரே விஞ்ஞானிக்கு ஒதுக்கினோம். "ஒரே ஆளை வைத்து ஒரு வருஷத்தை ஓட்ட முடியுமா?" என்று அன்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ஓடியது.

பேட்டர்சன் 1922இல் அமெரிக்காவின் அயோவாவில் பிறந்தவர். யுரேனியம் சிதைந்து ஈயமாகும் கணக்கை வைத்துப் பாறையின் வயதைக் காண்பது, சிகாகோவில் ஆய்வு மாணவராக அவருக்குக் கிடைத்த வேலை. யுரேனியத்தை அளந்த சக ஆய்வு மாணவர் ஜார்ஜ் டில்டனுக்குச் சரியாக வந்தது. ஈயத்தை அளந்த இவருக்கோ இருக்கவேண்டியதைவிட மிக அதிகமாக வந்தது. பாறையை விட்டுவிட்டு, வேலை செய்த அறையைச் சந்தேகித்தார். தூசி, தண்ணீர், தலைமுடி, எதைத் தொட்டாலும் ஈயம்! பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்து, காற்றை வடிகட்டி, வருஷக்கணக்கில் துடைத்துக் கழுவிய பிறகுதான் 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று அச்சேறியது.

ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர், ஒரு குடுவையை எப்படிக் கழுவ வேண்டும் என்று காட்டியதிலேயே ஒரு கூட்டம் முடிந்துபோனது. சிலர் நெளிந்தார்கள். எனக்கு இந்த ஆண்டின் நல்ல கூட்டம் அதுதான்.

சரி, அத்தனை ஈயம் எங்கிருந்து வந்தது? கடலில் ஆழத்தைவிட மேல்மட்ட நீரில் ஈயம் கூடுதலாக இருந்தது. கிரீன்லாந்துப் பனியிலும் பழைய அடுக்குகளைவிடப் புதியவற்றில் அதிகம். 1920களிலிருந்து பெட்ரோலில் கலந்துவந்த ஈயம் முக்கியக் காரணம் என்று 1965இல் எழுதினார்.

அப்புறம் சண்டை. உடலில் கொஞ்சம் ஈயம் இருப்பது இயல்பே என்பது, ஈய பெட்ரோல் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகரான ராபர்ட் கீஹோவின் வாதம். நம் மருத்துவர் உறுப்பினரும் முதலில் அந்தப் பக்கமே பேசினார். ஊரெல்லாம் ஈயம் படிந்திருக்கும்போது யாரை அளந்தாலும் ஒரே மாதிரிதான் வரும். வழக்கமாக இருப்பதெல்லாம் இயற்கையாகிவிடாது என்பது பேட்டர்சனின் பதில். பண்டைய பெரு நாட்டு எலும்புகளோடு இன்றைய அமெரிக்க எலும்புகளை ஒப்பிட்ட 1979ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்த பிறகு மருத்துவர் கட்சி மாறினார். 1980இல் வந்த சூரை மீன் கணக்கும் அன்று வாசிக்கப்பட்டது: புது மீனில் கிராமுக்கு 0.3 நானோகிராம் ஈயம், ஈயப்பற்று வைத்த டப்பா மீனில் 1400.

இதற்கு அவர் கொடுத்த விலையும் பேசப்பட்டது. எண்ணெய்த் துறையிலிருந்து வந்த ஆய்வுப் பணம் நின்றது. காற்றிலுள்ள ஈயத்தை ஆராய 1971இல் அமைத்த தேசியக் குழுவில் இடம் தரவில்லை. அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் 1996 ஜனவரியில் முழுத் தடையானது. அவர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு காலமானார்.

என் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். சுற்றறிக்கையில் அவரை நோபல் பரிசு பெற்றவர் என்று எழுதிவிட்டேன். பெறவில்லை, 1995இல் சுற்றுச்சூழலுக்கான டைலர் பரிசு பெற்றார்.

போதிய உறுப்பினர்கள் வராததால் ஒரு கூட்டம் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குள் எழுந்து போய்விட வேண்டாம். அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.