செயலாளரின் ஆண்டறிக்கை: 684 கிலோஹேர்ட்ஸில் கேட்டது

மதிப்புக்குரிய போசகர் ஐயா, தலைவர் அவர்கள், இன்றைக்கு வந்திருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். வராதவர்களுக்கும் இந்த அறிக்கை அனுப்பி வைக்கப்படும். வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

சென்ற ஆண்டில் எமது மட்டக்களப்பு வானொலி நேயர் வட்டத்தின் நிர்வாகக் குழு ஆறு தடவை கூடியது. அதில் இரண்டு தடவை கோரத்துக்கு ஆள் சேரவில்லை, பிளேன்ரீ குடித்துவிட்டுக் கலைந்தோம். சித்திரையில் பழைய ரேடியோக்களின் கண்காட்சி நடந்தது. ஆடியில் கல்முனை அங்கத்தவர் வீட்டில் ரேடியோ திருத்தும் வகுப்பு, ஏழு பேர். கார்த்திகையில் 1978 சூறாவளி நினைவுக் கூட்டம். கறண்ட் கம்பங்கள் எல்லாம் சரிந்து கிடந்த நாட்களில் பற்றரி ரேடியோவுக்கு ஊரே காது கொடுத்த கதையைப் போசகர் ஐயா சொன்னார். முந்தின வருடமும் சொன்னதுதான். ஆனாலும் அந்தக் கதை அலுப்பதில்லை.

தூரத்து நிலையங்களைக் கேட்டதும் குறித்துவைக்கும் கேட்டல் பதிவேடுகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிடித்த நிலையத்தைப் பகல் பதிவேட்டில் எழுதும் பழக்கம் சில அங்கத்தவர்களிடம் இருக்கிறது. சூரியன் எழும்பி இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, படுவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் என்பதுதான் எமது விதி. இந்த விதியை விளையாட்டுக்குப் போடவில்லை. வெயில் இருக்கும்வரை வானத்தில் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள அயனப் படை, அதாவது மின்னேற்றமுள்ள காற்றுப் படை, மத்திய அலையை (மீடியம் வேவ்) உறிஞ்சிக்கொள்ளும். பொழுது பட்டதும் அது கலைந்துவிட, அதற்கு மேலுள்ள படையில் அலை பட்டுத் தெறித்து ஆயிரம் மைல் தாண்டியும் வந்து விழும். இரவில் டெல்லியைக் கேட்பதற்கு வட்டம் எதற்கு, சந்தா எதற்கு? ஒரு சின்னப் பெட்டி இருந்தால் சமையலறைக்குள்ளேயே கேட்கலாம். பகலில் வருவது தரையோடு தவழ்ந்து வரும் அலை மட்டும்தான். அதைப் பிடிப்பதற்குத்தான் நாம் கூடினோம்.

அந்தத் தரை அலை காய்ந்த மண்ணில் சீக்கிரம் களைத்துப்போகும். உப்புக் கடலில் அதற்குக் களைப்புத் தெரியாது. கடல்நீர் மண்ணைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அந்த வகையில் மட்டக்களப்பான் கொடுத்துவைத்தவன். சென்னையிலிருந்து எமது ஊருக்கு வரைபடத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். 600 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. முல்லைத்தீவு, திருகோணமலை, வாகரை எல்லாவற்றையும் வலதுபக்கம் விட்டுவிட்டுக் கடலுக்கு மேலேயே கோடு வரும். அதனால்தான் சென்னை வானொலி 720 நண்பகலிலும் நாவலடிக் கரையில் பக்கத்து வீட்டுச் சத்தம்போலக் கேட்கிறது. தூத்துக்குடி 1053 இதைவிடக் கிட்ட, 200 கிலோவாட் வேறு. ஆனால் அது புத்தளம் பக்கம் கரையேறித் தீவைக் குறுக்கே வெட்டித்தான் வரவேண்டும், வரும்போது களைத்துவிடும். வாவிக்கு மேற்கே உள்நாட்டில் இருக்கும் படுவான்கரை அங்கத்தவர்கள் தமக்கு ஒன்றும் கேட்பதில்லை என்று குறைப்படுவது எனக்கு விளங்குகிறது. அதற்கு மருந்து கடற்கரைக்கு வருவதுதான். வீட்டுக்குள் இருந்தபடி கேட்பது இனி எவருக்கும் சரிவராது. சார்ஜர், எல்ஈடி பல்ப், சோலார் இன்வேட்டர் எல்லாம் மத்திய அலையில்தான் வந்து இரைகின்றன. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் நாடே திட்டிக்கொண்டிருந்தபோது, நாங்கள் நாலைந்து பேர் மட்டும் கொப்பியும் பேனையுமாகச் சந்தோசமாக இருந்தோம் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

இனிச் சட்ட அன்ரெனா, அதாவது மரச் சட்டத்தில் கம்பி சுற்றிய அன்ரெனா பற்றிய விடயம். இதற்கு வட்டத்தின் பணம் செலவானது பற்றி நேரிலும் முதுகுக்குப் பின்னாலும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்கிறேன். மரச் சட்டம் எனது வீட்டுப் பழைய யன்னல், அதற்கு ஒரு சதமும் எடுக்கவில்லை. கேங், அதாவது நிலையம் பிடிக்கத் திருப்பும் மின்தேக்கி, செத்துப்போன ஒரு வால்வு ரேடியோவிலிருந்து கழற்றியது. வாங்கியது மோட்டர் வைண்டிங் கடையில் செம்புக் கம்பி மட்டும்தான். ஒரு மீற்றர்ச் சதுரம், ஏழு சுற்று. ரேடியோவோடு ஒரு வயரும் தொடுப்பதில்லை. சும்மா பக்கத்தில் வைத்துக் கேங்கைத் திருப்பவேண்டும். ஓர் இடத்தில் இரைச்சல் பொங்கி எழும்பும், அந்த இரைச்சலுக்கு உள்ளேயிருந்து ஆள் குரல் வரும். முதல் தடவை பார்க்கிறவருக்கு மந்திரம் மாதிரித்தான் இருக்கும். கரைவலைக்காரர் ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “என்ன தம்பி, இந்தப் பட்டம் ஏறுமா?” என்று கேட்டார்.

பங்குனிக் கேட்டல் நாளுக்கு எல்லோருக்கும் அறிவித்தல் போனது. வந்தது நானும் காத்தான்குடி அங்கத்தவர் ஒருவரும். அவர் மத்திய கிழக்கில் பல வருடம் வேலை செய்தவர், இந்தி விளங்கும். நேரம் பன்னிரண்டரை, நிழல் காலுக்குக் கீழே. 684-இல் கேங்கைத் திருப்பியபோது ஒரு பெண் குரல் இந்தியில் வந்தது, மெல்லியதாக, அலை இரைச்சலோடு போட்டி போட்டுக்கொண்டு. செய்தி. செய்தியை வைத்து எந்த நிலையம் என்று சொல்ல முடியாது, டெல்லிச் செய்தியை எல்லாரும் அஞ்சல் செய்வார்கள். காத்திருந்தோம். அது முடிந்து நிலைய அறிவிப்பு வரும்போது, “அண்ணன், விஜய எண்டு ஏதோ சொல்றா” என்றார் அவர். அவ்வளவுதான், திரும்பவும் மங்கிவிட்டது.

பொருளாளர் இதை ஏற்கவில்லை. முதலில் அது கோழிக்கோடு என்றார். கோழிக்கோடும் 684தான், உண்மை. ஆனால் அது இங்கிருந்து வடமேற்கே, மலைத்தொடருக்கு அப்பால். சட்டத்தின் விளிம்பு நிலையத்தைப் பார்த்தால் ஒலி எழும்பும், முகம் பார்த்தால் செத்துவிடும். எங்களுக்கு ஒலி எழும்பியது விளிம்பு நேரே கடலைப் பார்த்தபோது, அதாவது கிழக்கு-வடகிழக்கு. சட்டத்துக்கு முன்பின் தெரியாது, பின்பக்கத்தால் வந்திருக்கலாமே என்றார் பொருளாளர். சரி, அந்தக் கோட்டைப் பின்னால் நீட்டினால் கொழும்பு வரும். கொழும்பில் 684-இல் இந்திச் செய்தி யார் வாசிக்கிறார்கள்? அப்புறம் “விஜய” என்றால் விஜயவாடா என்றார். விஜயவாடா 837. பிறகுதான் எனக்கே ஒரு விடயம் ஞாபகம் வந்தது. அந்தமானின் போர்ட் பிளேயருக்கு 2024 செப்டெம்பரில் இந்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டது. போர்ட் பிளேயர் நிலையம் 684, 100 கிலோவாட். நாவலடியிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர், இடையில் ஒரு தென்னை மரம்கூட இல்லை.

ஒலிப்பதிவு எங்கே என்று கேட்பீர்கள். பதிவு இருக்கிறது. கைபேசியைச் சட்டத்திலிருந்து தள்ளி ஒரு வள்ளத்தின் மேல் வைத்துப் பதிந்துகொண்டிருந்தோம். செய்தி முழுதும் பதிவாகியிருக்கிறது. அறிவிப்பு வரும் நேரம் பார்த்து அங்கத்தவர் ஒருவர் அழைப்பு எடுத்தார். பதிவு நின்றுவிட்டது. “அண்ணே, கேட்டல் நாள் இண்டைக்கா?” என்று கேட்கத்தான் எடுத்திருக்கிறார். அவருடைய பெயரை இந்த அறிக்கையில் போடவில்லை. ஒன்பது மாதச் சந்தா நிலுவை உள்ளவர் என்று மட்டும் சொல்கிறேன். கேட்டதை எழுதி நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறோம். கேட்டது சரிதான் என்று நிலையத்தின் உறுதி அட்டை வந்தால் பொருளாளர் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொல்வேன்.

கணக்கு விபரம். வரவு கடந்த ஆண்டை ஒட்டியது, செலவு அதைவிடக் கொஞ்சம் கூட. விபரம் பொருளாளரிடம் உண்டு, கேட்பவர்களுக்குக் காட்டுவார். இருபத்துநான்கு அங்கத்தவர்களில் சந்தா முழுதாகக் கட்டியவர்கள் ஒன்பது பேர். மாதம் நூறு ரூபா. ஒரு பிளேன்ரீயையும் ஒரு வடையையும் விட்டுக்கொடுத்தால் தீர்ந்துவிடும் காசு.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் தந்த தலைவரின் வீட்டாருக்கும், கணக்காய்வாளருக்கும், கருத்து வேறுபாடு இருந்தாலும் பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளராக வேறு ஒருவர் வந்தால் நான் மனதாரச் சாவியைக் கொடுப்பேன். போன ஆண்டும் இதைத்தான் சொன்னேன், ஒருவரும் கை உயர்த்தவில்லை. இரண்டாவது சட்டம் ஒன்று, இரண்டு மீற்றரில், வாகரைக் கரையில் வைத்துப் பார்க்க ஆசை. அதைக் கொண்டுபோக வான் வேண்டும். வான் உள்ள அங்கத்தவர் ஒருவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். இந்தியாவில் மத்திய அலைப் பரப்பிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு எஃப்எம்முக்கு மாறுகின்றன. 684 எத்தனை காலத்துக்கு ஒலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆறுதலாகப் பார்ப்போம் என்று இருக்கமுடியாது.

அடுத்த கேட்டல் நாள் வரும் போயா தினம், நாவலடி, முற்பகல் 11.30. தொப்பி, தண்ணீர், கொப்பி கொண்டுவரவும். கைபேசியை வீட்டில் விட்டுவிட்டு வரவும்.

செயலாளர்
மட்டக்களப்பு