மகேந்திரன் என்றால் மூன்று படம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இயக்குநர் மகேந்திரனின் பிறந்தநாளையொட்டி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வழக்கம்போல 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்', 'ஜானி' என்று மூன்றையே சுற்றிவந்து, கடைசியில் 'தெறி' வில்லன் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்து, "மேலும் சில படங்களையும் இயக்கினார்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன கிடக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரை, ராமநாதபுரம் ஏரியாவில் ஒரு விநியோகக் கம்பெனியின் ரெப்பாக இருந்தவன். படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போவது, டிக்கெட் கட்டுகளைச் சரிபார்ப்பது, இரவுக் காட்சி முடிந்ததும் டி.சி.ஆர். என்ற அன்றாட வசூல் கணக்கை எழுதி அனுப்புவது, இதுதான் பிழைப்பு. பிரிண்டை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் தலையில்தான்.

1981இல் வந்த 'நண்டு' படத்தோடு போனபோது, ஒரு தியேட்டர் மேனேஜர் முதல் நாளே என்னிடம் வந்து, "ரெப் சார், அந்த இந்திப் பாட்டு ரெண்டையும் தூக்கிடலாமா? பெஞ்சு டிக்கெட் ஒரே விசில்" என்றார். முடியாது என்றேன். சரி என்று தலையாட்டினார். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு பாட்டு வெட்டப்பட்டு, ஆபரேட்டர் ரூம் ஆணியில் சுருளாகத் தொங்கியது. சண்டை போட்டு மறுபடியும் ஒட்டவைத்தேன். அப்புறம் அந்த ஊரில் படம் ஓடிய வரைக்கும் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் பாட்டு தொடங்கும்.

அந்தப் பாட்டுகளை எழுதியவர் யார் தெரியுமா? நம் பாடகர் பி.பி. ஸ்ரீனிவாஸ். கதாநாயகன் லக்னோ பையன். அப்பாவோடு ஒத்துப்போகாமல் சென்னைக்கு வந்துவிடுகிறவன். அவன் மனசுக்குள் ஓடும் பாட்டு இந்தியில்தானே இருக்கும்? இந்த எளிய நியாயத்துக்காக, நம்மூர் அரசியல் சூடு தெரிந்தே, ஒரு தமிழ்ப் படத்தில் இந்திப் பாட்டை வைத்தார் மகேந்திரன். சிவசங்கரியின் கதை, அசோக்குமாரின் கேமரா, இளையராஜா. 'மஞ்சள் வெயில்' பாட்டை இன்றைக்கும் போனில் வைத்துக் கேட்கிறார்கள். அது எந்தப் படம் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

'மெட்டி'க்கும் (1982) இதே கதிதான். 'மெட்டி ஒலி காற்றோடு' தெரியாத ஆள் கிடையாது. படத்தை முழுசாகப் பார்த்த ஆளைத் தேடவேண்டும். பின்பாதி கொஞ்சம் தொய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராதிகாவையும் வடிவுக்கரசியையும் அப்படி அடக்கி நடிக்கவைத்தவர்கள் குறைவு. 'தங்கப்பதக்க'த்துக்கு அனல் பறக்க வசனம் எழுதிய கையா இது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

1980இல் மட்டும் அவருக்கு மூன்று படங்கள். 'ஜானி'க்கு ரஜினி இருந்தார், 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'வுக்குத் தேசிய விருதுகள் வந்தன. நடுவில் 'பூட்டாத பூட்டுக்கள்' காணாமல் போனது. பொன்னீலன் கதை. பிள்ளையில்லாத ஒரு தம்பதியின் வீட்டுக்குள் நடப்பது. நாயகன், அப்போது மலையாளத்தில் கொடிகட்டிப் பறந்த ஜெயன். அதே வருடம் சோழவரத்தில் ஹெலிகாப்டர் சண்டைக் காட்சியில் அவர் இறந்துபோனார். சாகசத்துக்குப் பேர்போன அந்த மனிதரை ஒரு சாதாரணக் குடும்பஸ்தனாகப் பார்க்க வேண்டுமானால் இந்தப் படத்துக்குத்தான் வரவேண்டும்.

எனக்கு ரொம்பவும் ஆதங்கம் 'சாசனம்' பற்றித்தான். அது எங்கள் பக்கத்துக் கதை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சுவீகாரம், அதாவது தத்து, போன பிள்ளை, பெற்றவர்கள் கண்ணெதிரே இருந்தும் அந்த வீட்டுக்கு அன்னியனாகிவிடும் சங்கடம். அரவிந்த்சாமி, கௌதமி, ரஞ்சிதா நடித்தார்கள். தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத் தயாரிப்பு. வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்து 2006இல்தான் வெளிவந்தது. அரவிந்த்சாமி அப்போது நடிப்பையே விட்டு விலகியிருந்தார். கைதட்ட ஆளில்லை. இந்த வீடுகளின் தூணையும் முற்றத்தையும் பாட்டுக்குப் பின்னணியாகக் காட்டிய படங்கள் எத்தனையோ. உள்ளே இருப்பவர்கள் பணத்துக்கும் பாசத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பதைக் காட்டியது இது.

அவர் எடுத்ததெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. 'கை கொடுக்கும் கை'யில் ரேவதி நடிப்பைத் தவிர எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் 'நண்டு', 'மெட்டி', 'பூட்டாத பூட்டுக்கள்', 'சாசனம்' என்ற அந்த நான்கு படங்களைப் பற்றியும் ஒருமுறையாவது தனித்தனியே எழுதுங்கள். அப்படியே, 'சாசன'த்தின் நல்ல பிரதியை வெளியே கொண்டுவரும்படி அந்தக் கழகத்தையும் உங்கள் பத்திரிகை கேட்கலாம். காரைக்குடியில் யாராவது திரையிட முன்வந்தால், நாற்காலி போடுவது முதல் கணக்கு எழுதுவது வரை நான் வருகிறேன். பேட்டா வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட விநியோகப் பிரதிநிதி,
காரைக்குடி.