தலையில் அடிபட்டால் ஓய்வு கட்டாயம்

ஆசிரியருக்கு வணக்கம். குத்துச்சண்டை வீரர் முகமது அலி பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்தியதை விரிவாக எழுதியவர், பின்னாளில் அலியின் உடல் பட்ட பாட்டை ஒரே வரியில் முடித்துவிட்டார். கயிற்றில் சாய்ந்து நின்று, சுற்றுக்குச் சுற்று அடி தாங்கித்தான் அந்த வெற்றி கிடைத்தது. 1977-இல் எர்னி ஷேவர்ஸுடன் 15 சுற்றுகள் மோதிய பிறகு, இனி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, பேச்சு எடுபடாததால் விலகியே போனார். அலியோ 1981 வரை ஆடினார். 1984-இல், 42 வயதில், பார்க்கின்சன் நோய் உறுதியானது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் குத்துச்சண்டை பழகுகிறான். பயிற்சியில் நெற்றிப்பொட்டில் அடிபட்டு, இரவெல்லாம் வாந்தி எடுத்தான். மறுநாள் மாலையே, "சரியாப் போச்சு மாமா" என்று கையில் பட்டைத்துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனைத் தடுக்க அங்கே ஒரு விதியும் இல்லை. விளையாட்டே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவன் கால் நகர்த்தும் அழகே தனி. ஆனால் தலையில் அடிபட்டவரை, மருத்துவர் பார்த்துக் கையெழுத்திடும்வரை ரிங்கில் இறக்கக் கூடாது என்பதைப் பள்ளிப் போட்டிகளிலிருந்தே அரசு கட்டாயமாக்க வேண்டும்.

- வாசகர், திருவொற்றியூர்