பால்கனி அறையை விற்கும் முன் தள வரைபடத்தைக் காட்டுங்கள்

சொகுசுக் கப்பல் பயணங்களை நடத்தும் நிறுவனங்களுக்கும், தமிழ்நாட்டில் அவற்றுக்கு முன்பதிவு செய்து தரும் பயண முகவர்களுக்கும்,

வணக்கம்.

சிங்கப்பூரில் புறப்பட்டு பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் கப்பல்களில் இப்போது நம் ஊர்க் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். பலருக்கு அதுதான் முதல் கப்பல் பயணம். அறுபதாம் கல்யாணம் முடிந்த பெற்றோரை ஆசையாக அழைத்து வருகிறார்கள். அவர்களிடம் சன்னலே இல்லாத உள்ளறைக்கு இவ்வளவு, சன்னல் அறைக்கு இவ்வளவு, பால்கனி அறைக்கு இவ்வளவு என்று மூன்று விலைகளைச் சொல்கிறீர்கள். அந்தப் பால்கனி கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அதன் மேலும் கீழும் என்ன இருக்கிறது, அங்கே நின்றால் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதை யாரும் சொல்வதில்லை. பணத்தை வாங்கும் முன் இந்த மூன்றையும் சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். அலையில் கப்பலின் முன்முனை ஏறி இறங்கும்போது பின்முனையும் அதற்கு எதிராக ஏறி இறங்குகிறது. சிறுவர்கள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையைப் போல, நடுவில் இருப்பவருக்குத்தான் அசைவு குறைவு. பக்கவாட்டு ஆட்டமோ உயரத்தோடு கூடுகிறது. கப்பலின் அடிப்பகுதியில் இருபுறமும் நீளும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெரிதும் அடக்கிவிடும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. ஆகவே முதன்முறை கடலில் போகிறவருக்கு, அதுவும் பஸ்ஸில் போனாலே வயிற்றைப் புரட்டும் என்பவருக்கு, நடுப்பகுதியில் சற்றுத் தாழ்ந்த தளத்தில் உள்ள பால்கனியே நல்லது. நீங்களோ உயர்ந்த தளத்தைக் கூடுதல் விலைக்கு விற்கிறீர்கள். சில சமயம் ‘இலவசமாக மேல்தளத்துக்கு மாற்றித் தருகிறோம்’ என்று சொல்லி, நடுவில் இருந்தவரை முன்முனைக்குத் தூக்கிவிடுகிறீர்கள். அறை மாறியவர்கள் மகிழ்ந்து நன்றி சொல்கிறார்கள். காற்று பலமாக வீசும் இரவில்தான் அவர்களுக்கு விஷயம் புரிகிறது.

அடுத்து, மேலும் கீழும். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில், விடியும் முன்பே நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கூரையில் கேட்கும். உணவுக்கூடத்தின் கீழே என்றால் தள்ளுவண்டிகள். அரங்குக்கு மேலே என்றால் நள்ளிரவு வரை முரசொலி. மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் அறைகள் மட்டுமே உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தால் இத்தனையும் தீரும். தள வரைபடத்தைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அது உங்கள் கணினியிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் பக்கம் திரையைத் திருப்பினாலே போதும்.

எனக்கு மிகவும் மனம் பொறுக்காதது மூன்றாவது. என் தங்கை குடும்பத்துக்குக் கொடுத்த அறையில் பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே உயிர்காப்புப் படகின் கூரை. எட்டிப் பார்த்தால் ஓர் ஓரத்தில் கடல். படகு அங்கே இருக்கத்தான் வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. பார்வை மறைக்கப்பட்ட அறைகளை நிறுவனங்கள் தனிப்பிரிவாகக் குறித்து, பெரும்பாலும் விலையையும் குறைத்தே தருகின்றன. ஆனால் இடையில் நின்ற முகவர் கொடுத்த ரசீதில் ‘பால்கனி’ என்று மட்டுமே இருந்தது. குறைந்த விலையும் என் தங்கைக்கு வந்து சேரவில்லை.

கடலையே பார்க்காத பால்கனிகளும் உண்டு. ராயல் கரீபியன் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலிலும், அதே வகைக் கப்பல்களிலும் சில பால்கனிகள் உட்புறமாக, செடி கொடிகள் வளரும் ஒரு பூங்காவை நோக்கித் திறக்கின்றன. அழகான ஏற்பாடுதான். விரும்பி எடுப்பவர் எடுக்கட்டும். 2018இல் வந்த செலிபிரிட்டி எட்ஜ் கப்பலில் பல அறைகளுக்கு வெளியே தனித் திண்ணையே இல்லை. அறையின் கடைசிக் கண்ணாடியின் மேல்பாதி கீழிறங்கும், அவ்வளவுதான். கடற்காற்றில் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்து வருகிறவருக்கு இதை முன்பே சொல்ல வேண்டாமா?

வழித்தடத்தையும் மனத்தில் வைத்துப் பேசுங்கள். அலாஸ்காவுக்கும் நார்வேயில் மலைகளுக்கு நடுவே நீளும் கெய்ராங்கர் கடற்கழிக்கும் போகிறவருக்குப் பால்கனி எடுங்கள் என்று நானே சொல்வேன். அங்கே நாள் முழுவதும் மலையும் அருவியும் பனியாறும் அறைவாசலிலேயே கடந்துபோகும். குளிரில் ஒரு போர்வையோடு வெளியே நின்றுவிட்டு உடனே உள்ளே வந்துவிடலாம். அலாஸ்காவின் கிளேசியர் பே பகுதியில் மார்ஜரி பனியாற்றின் முன்னே கப்பலை மெல்லத் திருப்பி இருபுறத்தாருக்கும் காட்டுவார்கள். எனவே அதற்காக இடப்புறமா வலப்புறமா என்று மக்களைக் கவலைப்பட வைக்க வேண்டியதில்லை. கனடாவின் வான்கூவரிலிருந்து வடக்கே அலாஸ்காவுக்கு ஒருவழிப் பயணமாகப் போகிறவருக்கு மட்டும், கரை பெரும்பாலும் வலப்புறம் வரும் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று இரவு சிங்கப்பூர்ப் பயணம் அப்படியல்ல. பகலில் வெயிலும் புழுக்கமும். பிள்ளைகள் குளத்தைவிட்டு வர மாட்டார்கள். அறை தூங்க மட்டுமே. இளம் குடும்பத்துக்கு உள்ளறை போதும் என்று துணிந்து சொல்லுங்கள். மிச்சப்படும் பணத்தில் அவர்கள் பினாங்கைச் சுற்றிப் பார்க்கட்டும். ஆனால் மூட்டுவலியோடு வரும் பெரியவர்களுக்கு இதே பயணத்திலும் பால்கனி வாங்கத் தகுந்தது. கூட்டம் நெரியும் மேல்தளத்தில் அவர்களால் நாற்காலிக்குப் போட்டியிட முடியாது. இரவில் மலாக்கா நீரிணையில் சரக்குக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாக நகர்வதை, அறையிலிருந்தே, அவசரமின்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் அப்பா அப்படித்தான் பார்த்தார்.

கூட்டுக் குடும்பமாக வருகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: பல கப்பல்களில் அடுத்தடுத்த பால்கனிகளின் இடைத்தடுப்பை, கேட்டால் அறைப் பணியாளர் திறந்துவிடுவார். அறைகளை அருகருகே பதிவு செய்தால்தான் அது நடக்கும்.

பாதுகாப்பைப் பற்றியும் புறப்படும் முன்பே பேசுங்கள். 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனிகளில் தீ பரவி ஒரு பயணி இறந்தார்; அணையாத சிகரெட்டே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை கருதியது. அதன் பிறகுதான் பால்கனித் தடுப்புகளுக்கும் இருக்கைகளுக்கும் சர்வதேச விதிகள் கடுமையாயின. பால்கனியில் புகைக்கக் கூடாது என்பதையும், குழந்தைகள் ஏறிவிடாதபடி நாற்காலியைக் கைப்பிடியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் தமிழில் அச்சிட்டு டிக்கெட்டோடு கொடுங்கள்.

கடைசியாக, அறை எண் இல்லாத பதிவு. பிரிவை மட்டும் உறுதி செய்து, அறையைப் பின்னர் நிறுவனமே ஒதுக்கும் முறை அது. விலை குறைவு என்பதால் சிலருக்கு ஏற்றதுதான். அதை விற்கும்போது, முன்முனையோ பின்முனையோ உங்களுக்கு வரலாம், வந்தபின் மாற்ற முடியாமல் போகலாம் என்று வாயால் சொல்லி, எழுத்திலும் கொடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு பணம் வாங்குங்கள். மற்ற எல்லாப் பதிவுகளிலும் தளம், அறை எண், பார்வை மறைப்பு உண்டா இல்லையா என்ற மூன்றும் ரசீதிலேயே இருக்கட்டும். அடுத்த விடுமுறைக்கான முன்பதிவுகளை ஏற்கத் தொடங்கும்போதே இதை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பெற்றோருடன் கப்பல் பயணம் செய்யும் ஒரு மகள்