மனநல ஆலோசனைக்குப் போக துறைத் தலைவர் கையெழுத்து வேண்டாம்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருவர்
(பெயரும் பதிவெண்ணும் ஒட்டிய உறையில் தனியாக)

பெறுநர்:
உயர்கல்வித் துறைச் செயலர் அவர்கள்

பொருள்: பல்கலைக்கழக மாணவர்கள் மனநல ஆலோசனை பெறுவதில் உள்ள தடைகளை நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பெயரை ஏன் தனி உறையில் வைத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மனு உங்கள் அலுவலகத்திலிருந்து 'உரிய நடவடிக்கைக்காக' என்று எழுதப்பட்டு எங்கள் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வரும், அங்கிருந்து எங்கள் துறைக்கு வரும், கடைசியில் என் இன்டர்னல் மதிப்பெண்ணைப் போடுகிறவர் மேசையில் வந்து உட்காரும். அதனால் தயவுசெய்து அந்த உறையை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கட்டடமோ புதுத் திட்டமோ கேட்டு இதை எழுதவில்லை. எங்களிடம் மனநல ஆலோசனை மையம் இருக்கிறது, பலகை இருக்கிறது, இணையதளத்தில் ஒரு பக்கமும் இருக்கிறது. தேவைப்படுகிறவர் அதன் கதவுவரை போய்ச் சேருவதுதான் நடக்க மாட்டேன் என்கிறது.

போன வருடம் ஒரு செமஸ்டர் முழுக்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வரும், அப்புறம் தூக்கம் வராது. ஒரு பக்கத்தை நாலு தடவை படித்தாலும் என்ன படித்தேன் என்று தெரியாது. குளிப்பதே ஒரு வேலையாகத் தெரிந்தது. சோம்பேறி ஆகிவிட்டேன் என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழி சொல்லித்தான் மையத்தின் எண்ணைத் தேடினேன், தேடி எடுத்தும் அழைக்க மூன்று நாள் ஆயிற்று. எடுத்தவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். எண் எப்போதோ மாறியிருக்கிறது, இணையதளப் பக்கத்தில் யாரும் மாற்றவில்லை.

மையத்தைக் கண்டுபிடித்துப் போனால் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம், கீழே துறைத் தலைவர் கையெழுத்து. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது ஐயா? 'அழுகையாக வருகிறது' என்று எழுதி அவரிடம் நீட்டவா? அவர் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்க் கையெழுத்து வாங்கினேன் (தலைவலி என்று எழுதினேன்). கிடைத்த தேதி ஐந்து வாரம் தள்ளி, அதுவும் என் ஆய்வக வகுப்பு நேரத்தில்.

கடைசியில் தோழிதான் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். பிஎச்கியூ-9 என்பார்கள், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுத்துவது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா, கவனம் நிற்கிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்று கேட்கும். நிரப்பும்போதுதான் எனக்கு உறைத்தது: நான் சோம்பல் என்று நினைத்த அத்தனையும் அந்தத் தாளில் நோயின் அறிகுறியாக இருந்தது. ஒரு போன் செய்ய மூன்று நாள் ஆனதும் அதில் சேர்த்திதான். தேடி அலையும் சக்தியை முதலில் பிடுங்கிக்கொள்ளும் நோய்க்கு, தேடி அலைந்தால்தான் கிடைக்கும்படி உதவியை வைத்திருக்கிறோம். அந்த மருத்துவமனையில் யாருடைய கையெழுத்தையும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இது என் ஒருத்தியின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் 8 நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாமாண்டு மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2018ல் வெளிவந்தது. கிட்டத்தட்ட 14,000 பேர். அவர்களில் 35 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநலக் கோளாறு ஒன்றாவது இருந்திருப்பதாக அவர்கள் பதில்களிலிருந்து தெரிந்தது. 2005ல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்றது. அதாவது எங்கள் வயதில்தான், எங்கள் வகுப்பறையில்தான்.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

முதலாவதும் முக்கியமானதும் அந்தக் கையெழுத்து. மாணவர் தானாக வந்து உட்கார்ந்தால் போதும், யாருடைய அனுமதியும் பரிந்துரையும் தேவையில்லை என்று ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பல இடங்களில் ஆசிரியர் ஒருவருக்கே கூடுதல் பொறுப்பாக 'மாணவர் ஆலோசகர்' என்று பெயர் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களில் நல்லவர்கள் உண்டு, அவர்களால் பிழைத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காலையில் எனக்கு அட்டெண்டன்ஸ் போட்டவரிடம் மாலையில் போய் வாழப் பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வராது. சொன்னாலும் அவர் என்ன செய்வார்? அதற்கான படிப்பு அவர் படிக்கவில்லை. பயிற்சி பெற்ற, பாடம் எடுக்காத, மதிப்பெண் போடாத ஆள் வேண்டும். எத்தனை பேர் என்றால், ஆலோசனை மையங்களுக்கு அங்கீகாரம் தரும் ஐஏசிஎஸ் என்ற சர்வதேச அமைப்பு 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் என்கிறது. எங்கள் பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே ஒருவர்தான். ஐந்து வாரம் காக்கவைத்ததற்கு அவரை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஐந்து வாரம் என்பது கேட்க சாதாரணமாக இருக்கலாம். மனச்சோர்வு மருந்து ஆரம்பித்தாலும் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பேச்சு வழிச் சிகிச்சை என்றால் வாரம் ஒன்றாகப் பல அமர்வுகள். செமஸ்டர் மொத்தமே நாலைந்து மாதம். கூட்டிப் பாருங்கள், அரியர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எல்லோருக்கும் உடனே முழுச் சிகிச்சை கொடுங்கள் என்று கேட்கவில்லை. மூன்று வேலை நாளுக்குள் இருபது நிமிடம் ஒருவர் உட்கார்ந்து பேசட்டும். தேர்வு பயமா, வீட்டில் துக்கமா, மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதா என்று அங்கேயே பிரித்துவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அன்றைக்கே, மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாட்டோடு.

ரகசியம் பற்றி. எது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் யாருக்குச் சொல்லப்படும் என்பதை முதல் நிமிடத்திலேயே மாணவரிடம் சொல்ல வேண்டும். கோப்பு துறை அலுவலகத்துக்குப் போகவே கூடாது. மருத்துவ விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயர் வேண்டாம், 'சிகிச்சையில் இருக்கிறார்' என்பதே போதும். அப்படி விடுப்பு எடுத்தவருக்கு விட்ட தேர்வை அபராதமில்லாமல் எழுத வழி இருக்கட்டும்.

நேரமும் மாற வேண்டும். வகுப்பு நடக்கும் நேரத்தில் மட்டும் திறந்து, தேர்வு விடுமுறையில் பூட்டிவிடும் மையத்தால் யாருக்கு லாபம்?

அக்டோபர் 10 உலக மனநல தினம், 1992லிருந்து கொண்டாடுகிறார்கள். எங்களிடமும் அன்று அரங்கம் நிறைய மாணவர்கள், ஊக்கப் பேச்சாளர், பேனர், குரூப் போட்டோ. வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சைக் கேட்டு மனம் திறந்து மறுநாள் மையத்துக்குப் போன ஜூனியர் பையனிடம் கொடுத்ததும் அதே படிவம்தான்.

அறிக்கை கேட்டு எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் அனுப்பாதீர்கள் ஐயா. 'மையம் சிறப்பாகச் செயல்படுகிறது' என்றே பதில் வரும். உங்கள் அலுவலகத்தில் யாரையாவது விட்டு, மாணவர் மாதிரி ஒவ்வொரு மையத்தின் எண்ணுக்கும் போன் போட்டு நேரம் கேட்கச் சொல்லுங்கள். எந்தத் தேதி கிடைக்கிறது, என்னென்ன கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் நூலகத்துக்காரர்தான் எடுப்பார். அவரிடம் கோபப்பட வேண்டாம், மையத்தின் சரியான அறை எண்ணை நாலு பேரிடம் விசாரித்து எனக்குத் திரும்ப அழைத்துச் சொன்னவர் அவர்தான்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
மாணவி

இணைப்பு: ஒட்டிய உறை 1, நிரப்பாத அனுமதிப் படிவத்தின் நகல் 1