செட்டப் வரிசை

அன்புள்ள முரளி,

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வீடு மாறிவிட்டீர்கள் என்று உன் தங்கச்சி சொன்னாள். போன வாரம் அவளை ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டில் பார்த்தேன். அம்மாவுக்குப் புது இடம் பழகிவிட்டதா? இங்கே எல்லாரும் நலம். சின்னவன் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்துவிட்டான். எனக்கு அதே பாயான் லெப்பாஸ், அதே வேலை.

உன் கேள்விக்கு வருகிறேன்: ஜாவா டெஸ்ட்டில் சப்கிளாஸின் செட்டப்பைப் பேஸ் கிளாஸுடையதற்கு முன்பே ஓட வைக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். செட்டப் என்பது ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன் ஓடும் தயாரிப்பு மெத்தட்; பேஸ் கிளாஸை அடிப்படையாக எடுத்து விரிப்பது சப்கிளாஸ். பேஸ் கிளாஸின் செட்டப் டேட்டாபேஸைத் திறக்கிறது; எந்த டேட்டாபேஸ் என்பதை சப்கிளாஸ் அதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவியான ஜேயூனிட் இதற்கு இடம் தருவதில்லை. ஜேயூனிட் 4 ஆனாலும் 5 ஆனாலும் பேஸ் கிளாஸின் செட்டப்தான் முதலில், சப்கிளாஸுடையது அப்புறம். டெஸ்ட் முடிந்து கலைக்கும்போது தலைகீழ். பந்தல்கால் நட்ட பிறகு தோரணம் கட்டுகிறோம், தோரணத்தை அவிழ்த்த பிறகே பந்தலைப் பிரிக்கிறோம், அந்த மாதிரி. இந்த முறை சரியானது என்றே நினைக்கிறேன், அதை உடைக்கப் பார்க்காதே.

ஒரே கிளாஸுக்குள் இரண்டு செட்டப் மெத்தட் வைத்து, எழுதிய வரிசையில் ஓடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஜேயூனிட் 4 அப்படி எந்த உறுதியும் தரவில்லை. 5இல் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசைதான், ஆனால் யாரும் ஊகிக்க முடியாதபடி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். ஆகவே கிளாஸுக்கு ஒரே ஒரு செட்டப் போதும். வரிசை முக்கியமென்றால் அதற்குள்ளிருந்தே ஒவ்வொன்றாகக் கூப்பிடு.

இதைவிட எனக்குக் கவலை தருவது பெயர் மோதல். இரண்டு கிளாஸிலும் மெத்தடுக்கு 'செட்டப்' என்றே பெயர் வைத்தால் சப்கிளாஸுடையது மற்றதை ஓவர்ரைடு செய்துவிடும், அதாவது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பேஸ் கிளாஸின் செட்டப் ஓடவே ஓடாது, ஜேயூனிட்டும் வாய் திறக்காது. சில டெஸ்ட் அப்போதும் பாஸ் ஆகும் என்பதுதான் இதில் மோசம். ஓவர்ரைடு செய்து, உன் வேலையை முடித்துக் கடைசியில் சூப்பரை, அதாவது பேஸ் கிளாஸின் அதே மெத்தடை, கூப்பிட்டால் நீ கேட்ட வரிசை கிடைக்கும், உண்மைதான். ஜேயூனிட் 3 காலத்தில் எல்லாருமே சூப்பரைக் கூப்பிட்டுத்தான் எழுதினார்கள். ஆனால் அடுத்து வருகிறவர் அந்த ஒரு வரியை மறந்தால் போச்சு.

நான் செய்வது இது: பேஸ் கிளாஸின் செட்டப்பை ஃபைனல் ஆக்கிவிடு, சப்கிளாஸ் அதை மாற்றி எழுத முடியாது. அதன் முதல் வரியில் 'தயார்செய்' என்று ஒரு புரொடெக்டட் (சப்கிளாஸ் எட்டக்கூடிய) மெத்தடைக் கூப்பிட்டு, அதன் பிறகு டேட்டாபேஸைத் திற. சப்கிளாஸ் அந்த மெத்தடை மட்டும் எழுதிக்கொள்ளட்டும். தப்பித் தவறி யாராவது செட்டப் என்றே எழுதினால் கம்பைலரே தடுத்துவிடும். வரிசையும் பேஸ் கிளாஸில் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

சொல்ல வேண்டியது வெறும் ஒரு பெயரோ முகவரியோ என்றால் இதுகூட வேண்டாம், ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடும் சப்கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலேயே வைத்துவிடலாம். நீ எதையும் மாற்றாதவரை ஜேயூனிட் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புது ஆப்ஜெக்ட் உருவாக்கும். கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் எந்தச் செட்டப்பும் தொடங்கும். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க் கிளாஸின் ஃபீல்டுகளில் நிரப்பித் தரும் பொருள்கள் மட்டும் அந்த நேரத்தில் கையில் இருக்காது, கவனம்.

உன் பேஸ் கிளாஸ் மூன்று அடுக்கு என்று எழுதியிருந்தாய். அந்த மூன்றையும் அனுப்பு. நடு அடுக்கு உண்மையிலேயே தேவையா என்று எனக்குச் சந்தேகம். தைப்பூசத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு, தண்ணீர்மலைக்குச் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
செல்வம்